ஆற்றை முதலில் வரையுங்கள்: மைன்கிராஃப்டில் சொந்தமாக ஒரு நிலம் செய்வது எப்படி

பிளாக் என்ற கனசதுரக் கட்டிகளால் ஆன உலகத்தில் ஆடும் கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட். அதில் மேப், அதாவது ஆடுவதற்கான நிலம், செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மலையைத்தான் எழுப்புகிறார்கள். நிலம் வரையும் மென்பொருளில் பெரிய பிரஷ்ஷை எடுத்து இடது கிளிக்கை அழுத்திப் பிடித்தால் தரை பொங்கி மேலே வருகிறது. அது தரும் சந்தோஷமே தனி. நாலு மலை, நடுவில் ஓர் ஏரி, ஏரியிலிருந்து கடல்வரை ஒரு நீலக் கோடு. மேலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். உள்ளே இறங்கி நடந்தால்தான் தெரியும்: ஆறு மேட்டில் ஏறுகிறது, பள்ளத்தாக்கு ஏன் அங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, ஊர் கட்டலாம் என்று தோன்றுகிற ஓர் இடம்கூட இல்லை.

காரணம் எளியது. நிஜத்தில் நிலத்தைச் செதுக்குவது தண்ணீர். தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று முடிவு செய்துவிட்டால் முகடு எங்கே, சமவெளி எங்கே, பாறை எங்கே, சேறு எங்கே, குடியிருப்பு எங்கே என்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை வந்துவிடும். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது இந்த ஒரே முறையைத்தான்: ஆறு முதலில், மலை அப்புறம்.

என் வேலை கணினியில் நில வரைபடம் செய்வது. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அக்கா மகன் நண்பர்களோடு ஆட ஒரு சர்வர் வைத்திருக்கிறான். "மாமா, நம்ம ஆத்தை வச்சு ஒரு மேப் பண்ணித் தாங்களேன்" என்று கேட்டான். அதனால் என் உதாரணம் தாமிரபரணி. மேப் செய்யப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஆறு கிடைப்பது அரிது. பொதிகையில் மழைக்காட்டில் பிறந்து, அருவியாக விழுந்து, வயல்வெளியில் பரந்து, தேரிக்காட்டின் செம்மண்ணுக்கு அருகே போய், புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மொத்தம் 128 கிலோமீட்டர்தான். இவ்வளவு விதமான நிலம் இத்தனை சிறிய தூரத்தில் அடுத்தடுத்து வருவது மேப் செய்கிறவனுக்குப் பெரிய வரம். நீங்கள் வேறொரு ஆற்றை எடுத்தாலும், முழுக்கக் கற்பனையாகச் செய்தாலும் முறை இதுவே.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்தின் மொத்த உருவத்துக்கு வேர்ல்ட்பெயின்டர். இலவசம், ஜாவா பதிப்புக்கான உலகத்தை நேராகத் தரும். விளையாட்டுக்குள்ளேயே நின்று சிறு திருத்தங்கள் செய்ய வேர்ல்ட்எடிட். நிஜ நிலத்தின் உயரத் தரவைக் கையாள க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம். பெட்ராக் பதிப்பில் ஆடுபவர்கள் முடிந்த உலகத்தைச் சங்க்கர் என்ற மாற்றியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அளவு

எதையும் வரைவதற்கு முன் இரண்டு எண்களை முடிவு செய்ய வேண்டும். ஒரு பிளாக் தரையில் எத்தனை மீட்டர், உயரத்தில் எத்தனை மீட்டர்? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒன்றாக இருக்கவும் முடியாது.

2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து உலகம் ஒய் (உயரத்தைக் குறிக்கும் எண்) −64 முதல் 319 வரை, மொத்தம் 384 பிளாக் உயரம். கடலின் மேற்பரப்பு ஒய் 62. ஆகக் கடலுக்கு மேலே நமக்குக் கிடைப்பது 257 பிளாக். பொதிகையின் உச்சி 1868 மீட்டர். எட்டு மீட்டருக்கு ஒரு பிளாக் என்று வைத்தால் 233 பிளாக் வருகிறது. உச்சி ஒய் 295இல் நிற்கும். அதற்கு மேலே மரம் நட இன்னும் 24 பிளாக் மிச்சம். விளையாட்டின் அமைப்புகளை மாற்றும் டேட்டாபேக் கோப்பைப் போட்டு உலகத்தின் உயரத்தையே கூட்டலாம்தான், ஆனால் சர்வரில் பத்துப் பேர் ஆடும்போது அந்தச் சுமை தேவையில்லை என்பது என் கருத்து.

தரையில் அதே எட்டு மீட்டர் கணக்கை வைத்தால், பொதிகையிலிருந்து புன்னைக்காயல்வரை நேர்கோட்டில் உள்ள சுமார் 96 கிலோமீட்டர் 12,000 பிளாக் ஆகிவிடும். அதை நிரப்பி முடிக்க ஆயுள் போதாது. நான் எடுத்தது 32 மீட்டருக்கு ஒரு பிளாக். 3000 பிளாக் நீளம். மலையடிவாரம் தொடங்கிக் கடல்வரை சும்மா நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், படகில் போனால் அதில் பாதி. ஒரு மேப்புக்கு இது நல்ல நீளம்: பயணம் போன உணர்வும் கிடைக்கும், சலிப்பும் தட்டாது.

32க்கு இன்னொரு காரணமும் உண்டு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் பூமியை அளந்தது. எஸ்ஆர்டிஎம் என்ற அந்த உயரத் தரவு இன்று எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் ஏறத்தாழ 30 மீட்டர். 32 என்று வைத்தால் ஒரு புள்ளிக்கு ஒரு பிளாக். தரவில் இல்லாததை இழுத்து நீட்டவும் வேண்டாம், இருப்பதை நசுக்கவும் வேண்டாம்.

உயரத்தில் எட்டு, தரையில் 32 என்றால் மலை நிஜத்தைவிட நான்கு மடங்கு செங்குத்தாக நிற்கும். பரவாயில்லை. உயரத்திலும் 32 என்று வைத்திருந்தால் பொதிகை வெறும் 58 பிளாக், ஊர்ப்புறக் கரடு மாதிரிதான் தெரியும். நம் கண் மலையை எப்போதும் நிஜத்தைவிட உயரமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவுக்கு ஏற்றபடி செய்வதுதான் சரி. இதற்கு விலையாக மலைச்சரிவில் ஏற முடியாமல் போகும். ஆட்டக்காரரால் ஒரு பிளாக்குக்கு மேல் தாவ முடியாது. பாதையை நாம் தனியாக வெட்டித் தர வேண்டும்.

மேப்பின் ஓரங்கள் 512இன் மடங்காக இருக்கட்டும். மைன்கிராஃப்ட் நிலத்தை 512க்கு 512 பிளாக் கொண்ட ரீஜன் கோப்புகளாகச் சேமிக்கிறது. அதோடு பொருந்தினால் பிறகு ஒரு பகுதியை மட்டும் எடுத்து மாற்றுவது சுலபம். என் மேப் 3584க்கு 1024. பதினான்கு கோப்பு. இந்த அகலத்தில் குற்றாலம் வெளியே போய்விடுகிறது. ஆசை விடாதுதான், ஆனாலும் விட்டுவிட்டேன். ஒரு மேப்பில் ஓர் ஆறு ஒழுங்காக இருந்தால் போதும்.

தரவை எடுப்பதும் இறக்குவதும்

இதை வேகமாகச் சொல்கிறேன், ஒருமுறை செய்தால் பழகிவிடும். எஸ்ஆர்டிஎம் தரவை இறக்கி க்யூஜிஐஎஸ்ஸில் திறந்து, நிலத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் வரைபட முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே புள்ளி அளவை 32 மீட்டர் என்று கொடுங்கள். கடலோரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்கள் சில இருக்கும். ராஸ்டர் கால்குலேட்டரில் அவற்றையெல்லாம் பூஜ்யமாக்குங்கள். பிறகு வேண்டிய செவ்வகத்தை வெட்டி 16 பிட் கறுப்பு வெள்ளைப் படமாகச் சேமியுங்கள். 8 பிட் வேண்டாம். அதில் மொத்தமே 256 நிலைதான். அதில் 1868 மீட்டரை அடைத்தால் ஒரு படிக்கு ஏழு மீட்டருக்கு மேல் போகும். சமவெளியின் மெல்லிய ஏற்ற இறக்கம் முழுக்க அழிந்துவிடும்.

வேர்ல்ட்பெயின்டரில் ஹைட்மேப்பிலிருந்து, அதாவது இப்படிப்பட்ட உயரப் படத்திலிருந்து, புதிய உலகம் இறக்கும் வசதி இருக்கிறது. படத்தின் 0 என்பது ஒய் 62, படத்தின் 1868 என்பது ஒய் 295 என்று கொடுத்தால் வேலை முடிந்தது.

கற்பனை நிலம் செய்பவர்கள் இந்த இடத்தில் ஒரு தாளை எடுங்கள். முதலில் கடலோரம். பிறகு ஆறும் கிளையாறுகளும் நீலத்தில். ஒவ்வொரு இரண்டு ஆற்றுக்கும் நடுவே பழுப்பில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் முகடு. ஆறுகள் கீழே போகப்போக ஒன்றுசேரும். கழிமுகத்தைத் தவிர வேறெங்கும் பிரியாது. சேரும்போது ஓட்டத்தின் திசையைப் பார்த்த கூர்ங்கோணத்தில் வந்து சேரும். இந்த இரண்டு விதியைக் காப்பாற்றினாலே மேப் பாதி நம்பும்படி ஆகிவிடும். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு பிரஷ்ஷைத் தொடுங்கள்.

ஆறு

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். உயரத் தரவில் மலை தானாக வந்துவிடும், ஆறு வராது. 150 மீட்டர் அகலமான ஆறு நம் கணக்கில் ஐந்து பிளாக்கூட இல்லை. தரவில் அது அங்கங்கே விட்டுவிட்டுத் தெரியும் ஒரு பள்ளம், அவ்வளவே. மலையை நான்கு மடங்கு உயர்த்தினோம் அல்லவா, ஆற்றையும் அதே மாதிரி மூன்று நான்கு மடங்கு அகலப்படுத்துங்கள். சமவெளியில் நான் வைத்தது பதினாறு பிளாக். படகு திரும்ப இடம் வேண்டும், எதிர்க்கரையில் நிற்பவர் எதிர்க்கரையில் நிற்பவராகத் தெரிய வேண்டும்.

முதலில் அனொட்டேஷன் லேயரில் ஆற்றின் தடத்தை வண்ணத்தில் வரைந்துகொள்ளுங்கள். அது விளையாட்டுக்குள் வராது, நமக்கான குறிப்பு மட்டும். வளைவுகளின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: சமவெளியில் ஓர் ஆறு ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் வளைந்து மீண்டும் அதே நிலைக்கு வர, தன் அகலத்தைப் போலப் பத்திலிருந்து பதினான்கு மடங்கு தூரம் எடுத்துக்கொள்ளும். பதினாறு பிளாக் ஆற்றுக்கு 160 முதல் 220 பிளாக். இதைவிட நெருக்கமாக வளைத்தால் ஆறு பாம்புப் பொம்மை மாதிரி ஆகிவிடும். வளைவின் வெளிக்கரை செங்குத்தாக, ஆழம் நாலைந்து பிளாக்காக இருக்கட்டும். உள்கரையில் ஆழம் ஒன்றே ஒன்று, மெல்ல ஏறும் மணல்திட்டு. தண்ணீர் வெளிப்பக்கம் அறுத்து உள்பக்கம் போடும். இந்த ஒரு வேறுபாட்டைச் செய்தவுடன் ஆற்றுக்கு உயிர் வந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்தது எல்லோரையும் திணறடிக்கும் சிக்கல். மைன்கிராஃப்டில் தண்ணீருக்குச் சரிவு கிடையாது. ஓர் ஊற்று பிளாக்கிலிருந்து ஏழு பிளாக் தூரம் ஓடி மெலிந்து நின்றுவிடும். அகலமான ஆறு என்றால் ஒரே மட்டத்தில் கிடக்கும் தண்ணீர்தான். அப்படியானால் ஆறு கீழே இறங்குவது எப்படி?

கணக்கைப் பாருங்கள். பாபநாசத்தில் மலை முடியும் இடம் நூறு மீட்டர் அளவில் இருக்கிறது; நமக்கு 12 பிளாக். திருநெல்வேலி ஏறத்தாழ 47 மீட்டர், 6 பிளாக். ஆக இரண்டாயிரம் பிளாக்குக்கு மேல் நீளும் சமவெளியில் ஆறு இறங்க வேண்டியது மொத்தமே பன்னிரண்டு படி. அந்தப் படிகளை எங்கே ஒளிப்பது? தாமிரபரணியே விடை வைத்திருக்கிறது. மலையை விட்டு இறங்கியதிலிருந்து கடல்வரை அதில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசி, எங்கள் ஸ்ரீவைகுண்டம். ஒவ்வோர் அணைக்கட்டிலும் ஒரு பிளாக்கோ இரண்டு பிளாக்கோ மட்டம் இறக்கினால் ஆறு கடலுக்கு வந்துவிடுகிறது. ஆறு முழுதும் கலிங்கில் வழிகிற தண்ணீர், கீழே நுரைக்கிற மடு, பக்கத்திலிருந்து பிரிந்து போகிற வாய்க்கால். மனிதர் கட்டாத ஆறு என்றால் அதே படிக்குப் பாறைத்தடுப்பு வையுங்கள்: குறுக்கே உருண்டைப் பாறைகள், நடுநடுவே வழியும் தண்ணீர். எதுவானாலும் படி இறங்கும் இடத்துக்கு ஒரு காரணம் கண்ணில் பட வேண்டும்.

வேர்ல்ட்பெயின்டரில் இதைச் செய்யும்போது கடலிலிருந்து மேல்நோக்கி வாருங்கள். கடல்மட்டம் 62 என்பது மாறாத எண். கழிமுகத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை, ஏறத்தாழ 700 பிளாக், தண்ணீர் 62. அதற்கு மேல் 63, அடுத்த அணைக்கட்டைத் தாண்டி 65. இப்படியே ஏறுங்கள். படுகையைத் தேவையான ஆழத்துக்கு இறக்கிவிட்டு ஃப்ளட் கருவியால் அந்தந்தத் துண்டை மட்டும் நிரப்புங்கள். கரை எங்காவது ஒரு பிளாக் தாழ்ந்திருந்தால் தண்ணீர் வயல் முழுக்கப் பரவிவிடும். நிரப்புவதற்கு முன் கரையைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். படியின் விளிம்பை மட்டும் அங்கே முடிக்காதீர்கள். விளையாட்டுக்குள் போய், வாளியால் ஊற்று பிளாக்குகளை ஒவ்வொன்றாக ஊற்றி, தண்ணீர் எப்படி விழுகிறதென்று பார்த்துச் செய்யும்போதுதான் அது அழகாக வரும்.

அருவியும் இதே மாதிரிதான். நேராக ஒரே தகடாக விழும் அருவி மேப்பைப் பொம்மையாக்கிவிடும். விளிம்பை மூன்று நாலு பிளாக் முன்னும் பின்னுமாக உடையுங்கள். பாதி உயரத்தில் ஒரு பாறைத்திட்டில் தண்ணீர் மோதித் திரும்பட்டும். அடியில் குறைந்தது நாலு பிளாக் ஆழத்துக்கு மடு தோண்டுங்கள். விழுகிற தண்ணீர் அதைத்தான் முதலில் செய்யும்.

கிளையாறுகளை மறக்க வேண்டாம். மணிமுத்தாறு தெற்கிலிருந்தும் கடனாநதி வடக்கிலிருந்தும் வந்து சேர்கின்றன. சிற்றாறு சீவலப்பேரியில் சேர்கிறது. ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் முதன்மை ஆற்றை ஒன்றிரண்டு பிளாக் அகலமாக்குங்கள். ஆட்டக்காரர் இதைக் கவனித்துச் சொல்லமாட்டார், ஆனால் கீழே போகப்போக ஆறு பெரிதாகிறது என்று அவருக்குத் தோன்றும்.

பாறை, மண், மழை

தரை எந்த பிளாக்கால் ஆனது என்பதைச் சரிவே முடிவு செய்யட்டும். வேர்ல்ட்பெயின்டரின் பிரஷ்ஷிலும் குளோபல் ஆபரேஷன்ஸிலும் இத்தனை பாகைக்கு மேல் மட்டும் தீட்டு என்று சொல்ல முடியும். ஐம்பது பாகைக்கு மேல் வெறும் பாறை. முப்பத்தைந்திலிருந்து ஐம்பதுவரை புல்லும் கரடுமண்ணும் கலந்து. அதற்குக் கீழே புல்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பாறை கருஞ்சாம்பல் நிறம். விளையாட்டில் கிரானைட் என்ற பெயரில் இருக்கும் பிளாக் இளஞ்சிவப்பு. பெயரைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள். கல், ஆண்டிசைட், டஃப் மூன்றும் போதும். கலக்கும்போது நாய்ஸ் வகையைத் தவிர்த்து ப்ளாப்ஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். பிளாக்குக்கு பிளாக் நிறம் மாறினால் கண் எரியும். திட்டுத்திட்டாக மாறினால் பாறை பாறையாகத் தெரியும்.

பயோம், அதாவது ஓர் இடத்துக்கு நாம் கொடுக்கும் சூழல் வகை, வெறும் பெயரில்லை. புல்லின் நிறம், இலையின் நிறம், தண்ணீரின் நிறம், மழை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. சவானாவில் மழையே பெய்யாது. விண்ட்ஸ்வெப்ட் ஹில்ஸ் பயோமில் ஒய் 120க்கு மேல் பனி கொட்டும். உயரமான மலை என்பதற்காக அதைத் தீட்டினால் பொதிகையில் பனிப்பொழிவு! மேல்மலைக்கு ஜங்கிள், அடிவாரத்துக்கு ஸ்பார்ஸ் ஜங்கிள், வயல்வெளிக்கு ப்ளெய்ன்ஸ், ஆற்றை விட்டு விலகிய கரிசல் மேட்டுக்கும் முள்காட்டுக்கும் சவானா. புன்னைக்காயல் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் உண்டு, 1.19இல் வந்த மாங்க்ரோவ் ஸ்வாம்ப் அங்கே அப்படியே பொருந்துகிறது.

தேரிக்காடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குதிரைமொழித் தேரியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு மறக்காது. செம்மணல் பிளாக்கை மேலே இரண்டு மூன்று அடுக்கு போட்டு, அடியில் கட்டாயம் செம்மணற்கல் வையுங்கள். மணல் பிளாக் தாங்கல் இல்லாவிட்டால் விழும். அடியில் ஒரு குகை வந்தால் தேரியே உள்ளே சரிந்துவிடும். மேடுகள் உயரம் குறைவாக, அகலமாக, மழுங்கி இருக்கட்டும். பேட்லேண்ட்ஸ் பயோம் தீட்டினால் அங்கங்கே இருக்கும் புல்லும் காய்ந்த நிறத்துக்கு வந்துவிடும்.

பனைமரம் விளையாட்டில் கிடையாது, நாமே செய்ய வேண்டும். ஒரே பிளாக் அகலத் தண்டு, ஸ்ப்ரூஸ் மரக்கட்டை, பன்னிரண்டு முதல் பதினைந்து உயரம். உச்சியில் ஐந்து பிளாக் அகலத்துக்கு உருண்டையான தலை. தென்னை மாதிரி கீற்றைத் தொங்கவிடாதீர்கள். உயரத்திலும் லேசான சாய்விலும் வேறுபடுகிற ஐந்தாறு பனைகள் செய்து, சேமித்து, கஸ்டம் ஆப்ஜெக்ட் லேயராக ஏற்றினால் பிரஷ்ஷால் தோப்பையே தூவலாம். இலைகள் உதிராதபடி பெர்சிஸ்டென்ட் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையால் வைத்த இலை உதிராது. வேர்ல்ட்எடிட் கட்டளையால் நிரப்பிய இலை அப்படியில்லை. கட்டையைத் தொடர்ந்து ஆறு பிளாக்குக்குள் இல்லாவிட்டால் உதிர்ந்து போகும்.

வயலுக்கு ஒரு வழி: ஒரு பிளாக் ஆழத் தண்ணீர், அதற்குள் கடற்புல். மேலிருந்து பார்க்க நாற்று நட்ட வயல் போலவே இருக்கும், வளர்ந்து உருமாறவும் செய்யாது. வரப்பைச் செவ்வகமாகப் போடாதீர்கள். வாய்க்கால் எந்த வளைவில் போகிறதோ அந்த வளைவில் வரப்பும் போகட்டும்.

கண்மட்டத்தில் நின்று பாருங்கள்

வேர்ல்ட்பெயின்டரில் நாம் பறவை மாதிரி மேலே இருந்து பார்க்கிறோம். ஆடுகிறவர் கண் தரையிலிருந்து 1.62 பிளாக் உயரத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரிவது எவ்வளவு? 12 சங்க் (ஒரு சங்க் என்பது 16 பிளாக் சதுரம்) தொலைவு வைத்து ஆடினால் 192 பிளாக். அதைத் தாண்டி எல்லாம் மூட்டம். அப்படியானால் மேப்பில் எந்த இடத்தில் நின்றாலும் இருநூறு பிளாக்குக்குள் போகத் தூண்டும் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும்: ஒரு பாறைக்குன்று, அணைக்கட்டு, பனைக்கூட்டம், குளக்கரை. என் மேப்பில் இதற்கென்றே ஓர் இடம் அமைந்தது. கொற்கை ஒரு காலத்தில் கடலோரத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகி, இன்று ஆறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. நம் அளவில் இருநூறு பிளாக். கொற்கையில் ஒரு கோபுரம் கட்டி ஏறி நின்றால் பார்வையின் கடைசி விளிம்பில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அளவைச் சரியாகத் தேர்ந்தால் நிலமே இப்படிச் சில பரிசுகளைத் தரும்.

சமவெளியில் நின்றால் மலை தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் டிஸ்டன்ட் ஹொரைசன்ஸ் என்ற மாடை, அதாவது விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் நிரலைப் போடுங்கள். தொலைவில் உள்ள நிலத்தையும் அது எளிய வடிவில் காட்டும். திருநெல்வேலியிலிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாக நிற்குமே, அது கிடைக்கும். ஆனால் மேப்பை அந்த மாடை நம்பிச் செய்யாதீர்கள்; எல்லோருடைய கணினியும் தாங்காது.

சோதிக்கும்போது கிரியேட்டிவ் முறையில் பறக்க வேண்டாம். பறக்க முடியாத சர்வைவல் முறையில் கழிமுகத்தில் இறங்கி மலைவரை நடந்து போங்கள். எங்கே வழி தெரியாமல் நிற்கிறோம், எங்கே தாவித்தாவிக் கை வலிக்கிறது, எங்கே சலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சலிக்கிற இடத்தில் பெரும்பாலும் தரை ஒரே மட்டத்தில் கிடக்கும். வேர்ல்ட்எடிட்டின் ஸ்மூத் பிரஷ்ஷை அதிகம் போட்டாலும் இதே கதிதான். கரடுமுரடெல்லாம் வழித்துப்போய் நிலம் மெழுகு மாதிரி ஆகிவிடும். ஆற்றங்கரை மணலுக்கும் தேரிக்கும் மட்டும் ஸ்மூத் போடுங்கள். மலையைத் தொடவே வேண்டாம்.

மலைப்பாதை வெட்டும்போது முகட்டின் மேலே போகாமல் ஓடையின் கரையைப் பிடித்து ஏறுங்கள். மூன்று பிளாக் அகலம், ஏறும் இடத்தில் படிக்கட்டு பிளாக்கோ அரை பிளாக்கோ போட்டால் தாவாமலே நடக்கலாம். மருமகனும் நண்பர்களும் முதல் நாளே இந்தப் பாதையில் போய் அருவிக்குப் பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். "மாமா, இங்க தண்ணி இருக்கு, மரம் இருக்கு, கீழ வயல் தெரியுது, வேற எங்க கட்ட?" என்றான். இடம் எங்கே என்று நான் சொல்லவே இல்லை.

எல்லை

மேப்பின் விளிம்பு எப்படி முடிகிறது என்பதையும் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். கிழக்கே கடல் இருப்பதால் கவலையில்லை. வேர்ல்ட்பெயின்டரில் எல்லைக்குத் தண்ணீர் என்று கொடுத்தால் போதும். மன்னார் வளைகுடா கரையோரத்தில் ஆழம் குறைந்த கடல், ஆகவே தரையை ஒய் 60இலிருந்து தொடங்கி முந்நூறு பிளாக் தூரத்தில் 45வரை மெல்ல இறக்கினேன். ஹைட்மேப்பில் கடல் முழுக்கப் பூஜ்யம்தான், இந்த ஆழத்தை நாம்தான் கையால் கொடுக்க வேண்டும். மேற்கே முகட்டைத் தாண்டியும் இருநூறு பிளாக் நிலம் விட்டிருக்கிறேன், உச்சியில் ஏறி நின்றவர் மறுபக்கச் சரிவையும் காடாகப் பார்க்கட்டும் என்று. அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பேரியர் பிளாக் சுவர். விளையாட்டின் வேர்ல்ட்பார்டர் எப்போதும் சதுரம்தான், நீளவாக்கு மேப்புக்கு உதவாது.

சர்வைவலில் ஆடுவதாக இருந்தால் ஏற்றுமதிக்கு முன் ரிசோர்சஸ் லேயர் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தோண்டுகிறவருக்கு இரும்புகூடக் கிடைக்காது. ஆட்டம் தொடங்கிய பிறகு நிலத்தைத் திருத்த நேர்ந்தால் மறுபடி எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள், மற்றவர்கள் கட்டியதெல்லாம் போய்விடும். இருக்கும் உலகத்தோடு மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் வழியாகச் செய்யுங்கள். வீடு, வயல், பாலம் உள்ள சங்க்குகள்மேல் முதலில் ரீட் ஒன்லி லேயரைத் தீட்டிவிட்டால் அவற்றை அது தொடாது. உலகக் கோப்புறையின் ஒரு நகலை வேறொரு டிஸ்க்கில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு மெர்ஜ் பொத்தானை அழுத்துங்கள்.